வெர்னா மாதிரி

எங்கள் ஊரில் சவப்பெட்டியில் படுத்திருப்பவரைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு ஒன்றே ஒன்றுதான். "அவங்க மாதிரியே இருக்காங்க." வரிசையில் நின்று பெட்டிக்கு அருகில் வருவார்கள், தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள், இதைச் சொல்வார்கள், பிறகு காபி குடிக்கப் போவார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறு யார் மாதிரி இருப்பார்களாம்? பக்கத்து வீட்டுக்காரி மாதிரியா? ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பாடுபடுகிறேன்.

நான் மார்லிஸ். ஆல்டர் லேக்கில், தானியக் கிடங்குக்கு எதிரே பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடை வைத்திருக்கிறேன். மின்னசோட்டாவின் இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் வாரா வாரம் யாரிடம் தலையைக் கொடுக்கிறாளோ, கடைசித் தடவையும் அவளிடம்தான் கொடுப்பாள். யாராவது இறந்துபோனால் முதலில் பிள்ளைகளுக்குப் போன் போகும், பிறகு பாஸ்டருக்கு, அதற்கடுத்து எனக்கு. கூப்பிடுவது லைல். பெட்டி, பூ, கல்லறை எல்லாம் அவன் பொறுப்பு. "மார்லிஸ், உன் ஆளு ஒருத்தங்க இங்க வந்திருக்காங்க" என்பான். நான் பையைத் தூக்கிக்கொண்டு போவேன்.

வெர்னா ஹாகனுக்காக அவன் கூப்பிட்டது மார்ச் மாதத்தில், பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு புதன்கிழமை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலி. நான் ஒருநாளும் அதில் உட்காருவதில்லை.

வெர்னா எனக்கு யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊருக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு விவாகரத்தும், தலைமேல் கவிழ்த்து முடி உலர்த்தும், யாரோ பயன்படுத்திக் கழித்துவிட்ட ஒரு டிரையரும்தான். "புதுசு மாதிரி" என்று சொல்லி என் தலையில் கட்டியிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அப்போது வேறொரு கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரி, அதுவும் புருஷனை விட்டுவிட்டு வந்தவள், அவளிடம் யார் தலையைக் கொடுப்பார்கள்? கதவில் மணி கட்டியிருந்தேன். அது காற்றடித்தால்தான் அடிக்கும்.

ஒருநாள் காற்றில்லாமலே அடித்தது. ரப்பர் பூட்ஸும் கொட்டகை வாசனையுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள்.

"கழுவி, சுருள் விழற மாதிரி ரோலர் சுத்தி விடு" என்றாள். "கெடுத்துட்டாலும் பயப்படாத. எங்க மாடுங்க ஒண்ணும் சொல்லாது."

நான் கெடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சில் வேண்டுமென்றே முன்வரிசையில் போய் உட்கார்ந்தாளாம். பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று பாட்டுக்கு நடுவே தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாளாம். யார் செய்தது என்று கேட்டவர்களிடம், "அந்தப் புதுப் பொண்ணுதான். ஒண்ணும் மோசமில்ல" என்றாளாம். எங்கள் பக்கத்து ஆட்கள் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு புகழ்ச்சி வராது. திங்கட்கிழமை காலை போன் அடிக்க ஆரம்பித்தது. இன்றுவரை நிற்கவில்லை. என் வீடு, என் அடுப்பு, என் பிள்ளையின் படிப்பு, எல்லாம் அந்த ஒரு திருப்பலில் வந்தவை. அவளிடம் நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், "போடி, தண்ணி சூடாயிருக்கான்னு பாரு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

மாடுகளை விற்ற பிறகு அவள் வாரம் தவறாமல் வெள்ளிக்கிழமை காலை வர ஆரம்பித்தாள். அவள் தலையில் எனக்கு ஒரே ஒரு எதிரி, வலது பக்கம். காதுக்கு மேலே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு முடி படிந்தே கிடக்கும். எத்தனை ரோலர் சுற்றினாலும், எத்தனை கொண்டை ஊசி குத்தினாலும், ஸ்பிரே அடித்துக் கல்லாக்கினாலும், அடுத்த வாரம் பழையபடி சப்பையாக வந்து நிற்பாள்.

"இந்தப் பக்கத்தை என்னதான் பண்ணுறீங்க வெர்னா? இஸ்திரி போடுறீங்களா?"

"மாடு போட்ட இஸ்திரிடி அது. பால் கறக்கறப்ப விலாவுல தலைய முட்டிக்கிட்டு உக்காந்தாதான் மாடு உதைக்காது. கல்யாணமான மறுநாள்லேருந்து விடியக்காலம், சாயங்காலம் ரெண்டு வேளையும் முட்டியிருக்கேன். மெஷின் வந்தும் அந்தப் பழக்கம் போகல. இப்ப படுத்தாலும் அந்தப் பக்கம்தான் தூக்கம் வருது."

"உங்க புருஷன் ஆரின் கறக்க மாட்டாரா?"

"கறப்பாரு, கறப்பாரு. ஆனா எனக்கு ஜுரமா இருந்தாலும் சரி, வயித்துல புள்ளையா இருந்தாலும் சரி, 'நீ படு, நான் பாத்துக்கறேன்'னு ஒரு வார்த்தை? அந்த மனுஷன் வாயிலயா? பக்கத்து வரிசை மாட்டுக்குப் பின்னால நின்னுக்கிட்டு 'வெர்னா, அந்த வாளி' அப்படிம்பாரு. எனக்குக் காதல் வசனம் அதான்."

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். சுற்றிய ரோலர் கழன்று விழும்.

ஆரினுக்கு மறதி வந்தது. முதலில் சாவியை, பிறகு வழியை, பிறகு ஆட்களை. முதியோர் இல்லத்தில், பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கிற மறதிக்காரர்கள் பிரிவில் அவரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. வெர்னா வெள்ளிக்கிழமை என் கடையில் தலையைச் சரிசெய்துகொண்டு நேரே அங்கே போவாள். அவர் எழுந்து நின்று கைகொடுப்பார். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போடுவார். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. அவள் யார் என்பதுதான் தெரியாது.

"போன வாரம் என்ன சொன்னாரு?" என்று நான் கேட்பேன்.

"மாதிரிதான்" என்பாள். "'நீங்க என் பொண்டாட்டி மாதிரியே இருக்கீங்க'ன்னாரு. 'அப்படியா, அவங்க எப்படி இருப்பாங்க?'ன்னு கேட்டேன். 'உங்கள மாதிரிதான். ஆனா நீங்க டவுன்காரங்க'ன்னாரு. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இதை அவகிட்ட சொல்லிடாதீங்க'ன்னாரு. என் புருஷன் என்கிட்டயே வழியறாருடி மார்லிஸ்! எனக்குக் கோபப்படுறதா வெக்கப்படுறதான்னே தெரியல."

நாங்கள் இருவரும் சிரிப்போம். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொல்வாள்: "நல்லா சுத்து. அந்த வலது பக்கத்தை விட்டுடாத. இந்த வாரம் கண்டுபிடிச்சிடுவாரு." நானும் ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுற்றுவேன், இன்னும் கொஞ்சம் உயரத் தூக்குவேன். அழகாக்க அழகாக்க அவள் இன்னும் அவளாகத் தெரிவாள் என்பது எங்கள் இருவரின் எண்ணம். எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே.

கடைசி வெள்ளிக்கிழமை அவள் சிரிக்கவில்லை. டிரையருக்குள் தலையைக் கொடுத்தபடி, அந்த இரைச்சலில் எனக்குக் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். "மாதிரின்னு சொல்றதே பெரிய விஷயம். பக்கத்து ரூம்காரர் தன் பொண்டாட்டியைத் திருடின்னு சொல்லி விரட்டுறாரு. நான் கொடுத்து வச்சவதான். ஆனா ஒரே ஒரு தடவை, வாளி கேக்கறதுக்காகவாவது, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தேவலை."

செவ்வாய் ராத்திரி படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வலியில்லாமல் போய்விட்டாள், அதற்குக் கடவுளுக்கு நன்றி.

புதன்கிழமை மத்தியானம் அவள் மகள் ஜனெல் கடைக்கு வந்தாள். ஃபார்கோவில் வேலை பார்க்கிறவள், ஒரே பெண். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. சர்ச்சில் குடும்பம் குடும்பமாகப் படமெடுத்துப் போடும் ஆல்பத்திலிருந்து வெர்னாவின் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். நான் சுற்றிவிட்ட சூடு ஆறுவதற்குள் எடுத்த படம் அது. சுருள் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல நிற்கும்.

"லைலுக்கும் ஒண்ணு கொடுத்துட்டேன். இதே மாதிரி பண்ணிடுங்க மார்லிஸ்."

"பண்ணிடறேன்மா."

அவள் போகவில்லை. கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"அப்பாவைக் கூட்டிட்டு வரலாமா வேண்டாமான்னு தெரியல. அங்க இருக்கற நர்ஸ் வேண்டாங்கறா. 'இப்ப சொல்லுவீங்க, மறந்துடுவாரு, நாளைக்குக் கேப்பாரு, தினம் தினம் அவருக்குப் புதுசா ஒரு சாவு'ங்கறா. அவ சொல்றது நியாயம்தான். ஆனா வெள்ளிக்கிழமையானா ஜன்னல் பக்கத்துல போய் உக்காந்துக்கறாரு. அந்த அம்மா இன்னைக்கு வருவாங்களேன்னு. இனிமே யாரு வருவாங்க? ஒரு தடவையாவது அம்மாவை அம்மான்னு தெரிஞ்சு, போய்ட்டு வான்னு சொல்லிட்டாருன்னா, அப்புறம் அவர் மறந்தாலும் பரவாயில்ல. நான் ஞாபகம் வச்சுக்குவேன்."

"அப்ப கூட்டிட்டு வா."

"பாத்துட்டு 'மாதிரி'ன்னு சொல்லிட்டாருன்னா? என்னால தாங்க முடியாது மார்லிஸ்."

"சொல்ல மாட்டாரு. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். பெரிய வீராப்பு.

வியாழக்கிழமை லைலின் கீழ்த்தள அறையில் நானும் வெர்னாவும் மட்டும். அவளுடைய நீலக் கவுன், முத்து மாலை, மூக்குக் கண்ணாடி எல்லாம் போட்டு லைல் தயாராக வைத்திருந்தான். நான் வேலை செய்யும்போது என் ஆட்களிடம் பேசுவேன், பதில் வராவிட்டாலும். "தண்ணி சூடா இருக்கா வெர்னா?" என்று கேட்டேன். அன்று என்னை "போடி" என்று சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டிய நன்றியையெல்லாம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு, முன்வரிசைக்கு, திரும்பிய தலைக்கு. அழுகை நின்ற பிறகு ரோலரை எடுத்தேன்.

அதிசயம், வலது பக்கம் அன்று என் சொல்லைக் கேட்டது. இத்தனை வருஷம் ஆட்டம் காட்டிய முடி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல அடங்கிச் சுருண்டு நின்றது. படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தைவிட நன்றாக இருந்தாள். லைல் வந்து பார்த்து, "அவங்க மாதிரியே இருக்காங்க மார்லிஸ்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பெட்டியைச் சர்ச்சில் வைத்தார்கள். ஊர்க்காரர்களை விடுவதற்கு முன் குடும்பத்துக்கென்று கொஞ்ச நேரம் உண்டு. சுருள் கலைந்தால் சரிசெய்ய நானும் பையுடன் ஓரமாக நின்றேன். கீழ்த்தளத்தில் காபி கொதிக்கும் வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. பாஸ்டர் வந்தார், "அவங்க மாதிரியே இருக்காங்க" என்றார். வெர்னாவின் அண்ணன் மகன்கள் வந்தார்கள், அதையே சொன்னார்கள். நான் தலையாட்டித் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

ஜனெல் ஆரினைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பழைய சூட்டு, இப்போது தோளில் தொங்கியது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பெரிய உடம்பு, சின்னச் சின்ன அடியாக நடந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரும்மா இது?"

"யாருன்னு பாருங்கப்பா. நல்லாப் பாருங்க."

பார்த்தார். நிதானமாக, மரியாதையாக, அந்நியருடைய சாவில் எப்படிப் பார்ப்போமோ அப்படிப் பார்த்தார்.

"பாவம், நல்ல களையான அம்மா. எங்க வெர்னா மாதிரியே இருக்காங்க." பிறகு ஜனெலின் கையைத் தட்டிக்கொடுத்தார். "இவங்க வீட்டுக்காரரு எங்கேம்மா? நான் வருத்தப்பட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடு."

ஜனெல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

"சரி, என்னைக் கொண்டுபோய் விட்டுடு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஒரு அம்மா பாக்க வருவாங்க. நான் இல்லாட்டி ஏமாந்து போயிடுவாங்க."

ஜனெல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டவள் நான்தானே. போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஆரின், ஒரு நிமிஷம். உங்க வெர்னாவும் இப்படித்தானே இருப்பாங்க?"

"மாதிரிதான், மாதிரிதான்" என்றார். இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு யாரிடமாவது விலாசம் சொல்வதுபோலச் சாதாரணமாகத் தன் வலது காதுக்கு மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக் காட்டினார். "எங்காளுக்கு இங்க முடி நிக்காது. மாடு தேச்சிடுச்சு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மனத்தில் இருந்தவள் வெள்ளிக்கிழமை வெர்னா இல்லை. என் கடையிலிருந்து போன வெர்னாவை அவர் எப்போதும் ஒரு விருந்தாளியாகத்தான் பார்த்திருக்கிறார். நான் சுற்றச் சுற்ற, தூக்கத் தூக்க, அவருடைய வெர்னாவை அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிறுத்திக்கொண்டே இருந்தோம், அவளும் நானுமாக, எவ்வளவு ஆசையோடு!

பையைத் திறந்தேன். தண்ணீர் பீச்சும் குப்பியை எடுத்தேன்.

"மார்லிஸ், என்ன பண்ற?" லைல் ஓடி வந்தான். "வெளிய ஜனம் நிக்குது!"

"நிக்கட்டும்."

"ஊரே பாக்கப் போவுது. உன் வேலைதான்னு எல்லாருக்கும் தெரியும்."

"தெரியட்டும் லைல். நகரு."

வலது பக்கத்தை நனைத்தேன். என் கையால் நிறுத்திய சுருள்களை என் கையாலேயே பிரித்தேன். ஸ்பிரே இறுகிப்போய் முதலில் முரண்டு பிடித்தது. சீப்பை வைத்து வாரி, உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட குளிர்ச்சி! முன்னால் விழுந்த ஒரு கற்றையை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகினேன். வாரா வாரம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவாளே, நான் தொடுவதற்கு முன்னால், அந்தத் தலை. உலகத்தில் அதை நன்றாகத் தெரிந்தவர்கள் மாடுகள், ஆரின், அப்புறம் நான்.

ஜனெலுக்குப் புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"கண்ணாடி" என்றாள். "கொட்டகையில அம்மா கண்ணாடி போட மாட்டாங்க. ஆவி படிஞ்சிடும்னு பாக்கெட்ல போட்டுக்குவாங்க." அவளே குனிந்து மெதுவாகக் கழற்றினாள். முத்து மாலையையும் கவுனின் கழுத்துக்குள் தள்ளிவிட்டாள்.

நாங்கள் இருவரும் விலகி நின்றோம்.

ஆரின் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனெல் அவர் முழங்கையைத் தொட்டுத் திருப்பினாள். அவர் திரும்பினார்.

தொப்பியை மறுபடி கழற்றினார்.

"வெர்னா" என்றார்.

சத்தமாக இல்லை. பக்கத்து வரிசை மாட்டுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிற அளவுக்குத்தான். இரண்டு அடி எடுத்து வைத்து, அந்தச் சப்பையான இடத்தில் பெரிய கையை வைத்தார். குளிர்ச்சி அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாட்டோடு வாழ்ந்த மனிதர், செத்த உடம்பு தெரியாதவர் இல்லை. அவர் முகம் மெல்லக் கலைந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"ரொம்பக் களைச்சுட்ட" என்றார். "நீ படு. நான் பாத்துக்கறேன்."

ஜனெல் சத்தம்போட்டு அழுதாள். நானும்தான். லைல் பெட்டிகளோடே வாழ்கிறவன், அவன்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெர்னா, உனக்குக் கேட்டதோ இல்லையோ, நீ வாழ்நாளெல்லாம் கிண்டலடித்துக்கொண்டிருந்த அந்த வார்த்தையை அந்த மனுஷன் சொல்லிவிட்டார். உன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். வாளி எதுவும் கேட்கவில்லை.

பிறகு கதவைத் திறந்தார்கள். ஊர் வரிசையாக வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு வழக்கமான வார்த்தை வரவில்லை. ஒரு பக்கம் சுருளும் ஒரு பக்கம் சப்பையுமாக, கண்ணாடியில்லாமல், காதுக்குப் பின்னால் ஈரக் கற்றையோடு ஒருத்தி படுத்திருந்தால் என்ன சொல்வார்கள்? என்னைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், தொண்டையைக் கனைத்தார்கள். என் வாடிக்கையாளர்களில் இருவர் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. "மார்லிஸுக்கு வயசாயிடுச்சு" என்றாள் ஒருத்தி. பெட்டி மூடும்வரை ஆரின் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கைகொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "என் பொண்டாட்டி" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

எங்கள் ஊரில் நன்றியை வாயால் சொல்வது வழக்கமில்லை. சனிக்கிழமை காலை கடைக் கதவைத் திறக்கப் போனபோது படியில் ஒரு தட்டு இருந்தது. எலுமிச்சை கேக் துண்டுகள், மேலே துணி மூடி. சர்ச் விருந்துகளில் மாறிப்போகாமலிருக்கத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த பெயர் வெர்னாவுடையது. சமையலறையில் அம்மாவின் தட்டைத் தேடி எடுத்து, அம்மா செய்கிற மாதிரியே செய்து கொண்டுவந்து வைத்துவிட்டு, மணியைக்கூட அடிக்காமல் போயிருந்தாள் ஜனெல். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். நின்றபடியே பாதியைத் தின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வெர்னாவின் நேரத்துக்கு வேறு யாரையும் எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பார், என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். நர்ஸ் சிரித்தாள். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் எழுந்து நின்று கைகொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பொண்டாட்டிக்குத் தலை பண்ணிவிடுவாளே ஒரு பொண்ணு, நீ அவ மாதிரியே இருக்க" என்றார்.

"அப்படிங்களா?"

"ஆமா. அவளைப் பாத்தா சொல்லிடு. அன்னைக்கு ரொம்ப நல்லாப் பண்ணியிருந்தா. வெர்னா, வெர்னாவாவே இருந்தா."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் எனக்கும் சீட்டுப் போட்டார்.